பழைய வேக்போர்டு படகுக்குத் தண்ணீர்ப் பாரம் கட்டியது

காசிமேட்டில் படகு வேலை பார்க்கிறவர்களுக்குப் படகுக்குள் நிற்கிற தண்ணீர் ஆகாது. ஃபைபர் படகின் அடியில் ஒரு சாண் தண்ணீர் தேங்கினாலே போதும், கரைக்கு வந்ததும் முதல் வேலையாக அதை இறைத்துவிட்டு எங்கே கசிகிறது என்று தடவிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் டிரெய்லரில் படகைக் கொண்டுவந்து நிறுத்தி, "இதுக்குள்ள அரை டன் தண்ணி ஏத்தணும், வேணும்போது இறக்கணும்" என்று கேட்டால் நாலு பேர் கூடிவிடுவார்கள். கூடினார்கள்.

அது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மராமத்து வேலை எல்லாம் அப்போதுதான் ஒன்றாக வந்து விழும். அப்பா லாஞ்ச் எஞ்சின் பார்த்தவர். நான் எஞ்சினோடு ஒயரிங்கும் பம்ப் வேலையும் பார்க்கிறேன். கையில் வேலை நிறைய இருந்தும் இந்தப் படகை விட மனசு வரவில்லை. இருபத்தோரு அடி, தொண்ணூறுகளின் கடைசியில் அமெரிக்காவில் கட்டியது, பின்பக்கம் 5.7 லிட்டர் வி-8 பெட்ரோல் எஞ்சின். பலர் கை மாறி வந்து இப்போது கோவளம் பக்கம் காயலில் ஓடுகிறது. அதன் சொந்தக்காரர் எனக்குப் பழக்கமானவர். அந்தக் காயல் மட்டுமில்லாமல், டிரெய்லரில் ஏற்றிப் புதுச்சேரி பக்கமும் கொண்டுபோகிறவர். இந்த விஷயம் பின்னால் முக்கியமாகப் போகிறது.

வேக்போர்டு தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். படகு கயிறு கட்டி இழுக்க, காலில் பலகை மாட்டிக்கொண்டு ஒருவர் பின்னால் வருவார். படகு போகிற வழியில் இரண்டு பக்கமும் எழும்புகிற அலையை மேடையாக வைத்து எகிறிக் குதிப்பார். 1985இல் டோனி ஃபின் என்பவர் கலிபோர்னியாவில் 'ஸ்கர்ஃபர்' என்ற பலகையைக் கொண்டுவந்தார். 1990இல் ஹெர்ப் ஓ'பிரையன் கொண்டுவந்த 'ஹைப்பர்லைட்' பலகைக்குப் பிறகுதான் இது தனி விளையாட்டாக நிலைத்தது. அந்தக் காலத்தில் கைக்குக் கிடைத்த படகெல்லாம் நீர்ச்சறுக்குப் படகுகள். நீர்ச்சறுக்குக்கு அலை எவ்வளவு சின்னதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அதற்காகவே அடிப்பாகத்தைத் தட்டையாகவும் எடையைக் குறைவாகவும் வைத்துக் கட்டினார்கள். வேக்போர்டுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். எனவே ஆட்கள் கையில் கிடைத்த பாரத்தையெல்லாம் ஏற்றினார்கள்: மணல் மூட்டை, தண்ணீர் டிரம், கூட வந்த நண்பர்கள். படகு கம்பெனிகள் தொட்டியும் பம்ப்பும் சேர்த்தே கட்டிக் கொடுக்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். நம்மிடம் வந்தது இந்த இரண்டுக்கும் நடுவிலான காலத்துப் படகு. கயிறு கட்ட மேலே கோபுரம் இருக்கிறது, உள்ளே பாரத்துக்கு ஒரு ஏற்பாடும் இல்லை.

பாரம் ஏன் அலையைப் பெரிதாக்குகிறது என்பது கடலில் போய்வந்த யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மீன் நிரம்பிய படகு திரும்பி வரும்போது பின்னால் கிளம்புகிற அலையையும், காலிப் படகு போகும்போது கிளம்புகிற அலையையும் கரையில் நின்றே பிரித்துச் சொல்லிவிடலாம். எவ்வளவு எடையோ அவ்வளவு தண்ணீரை அது ஒதுக்கியாக வேண்டும். ஒதுங்கின தண்ணீர் பின்னால் வந்து மூடும்போது அலையாக எழும்புகிறது. வேக்போர்டுக்குப் படகு மணிக்கு 32 முதல் 38 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அந்த வேகத்தில் காலிப் படகு தண்ணீருக்கு மேலே ஏறி வழுக்கிக்கொண்டு போய்விடும், அலை முழங்காலுக்குக்கூட வராது. எடை இருந்தால் அது அமுங்கி ஓடும்.

அந்த எடை ஈயமாகவோ மணலாகவோ இல்லாமல் ஏன் தண்ணீராக இருக்க வேண்டும்? இரண்டு காரணம். ஒன்று, ஓட்டம் முடிந்ததும் இறக்கிவிடலாம், டிரெய்லரும் அச்சும் அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டாம். இரண்டாவது உயிர் சம்பந்தப்பட்டது. படகுக்குள் தண்ணீர் புகுந்து அமுங்கிவிட்டால் ஈயம் படகைக் கீழே இழுக்கும். நாம் வைக்கப்போகிற பைகளுக்குள் இருக்கிற தண்ணீர் இழுக்காது. தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை இல்லை. ஆனால் இதைக் கேட்டுவிட்டு, தண்ணீர்தானே, எவ்வளவு ஏற்றினால் என்ன என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். படகு அமுங்காமல் மிதக்கிற வரைக்கும் அந்தத் தண்ணீர் முழு எடைதான். விளிம்புக்கும் கடல்மட்டத்துக்கும் நடுவில் இருக்கிற உயரத்தை அது தின்றுகொண்டே வரும்.

அதனால் முதல் வேலையாக நான் பார்த்தது பம்ப்பையோ பையையோ இல்லை, ஸ்டீரிங் பக்கத்தில் ஒட்டியிருந்த தகட்டை. இந்தப் படகின் தகட்டில் ஆட்களும் சாமானும் சேர்த்து 1,500 பவுண்டு வரை ஏற்றலாம் என்று இருந்தது. கிலோ கணக்கில் 680. இதில் பேலஸ்ட் தண்ணீரும், அதாவது பாரத்துக்காக ஏற்றுகிற தண்ணீரும் அடக்கம், தனிக் கணக்கு கிடையாது. பின்பக்கம் 180 லிட்டர் பை இரண்டு, முன்பக்கம் 140 லிட்டர் பை ஒன்று என்றால் 500 லிட்டர். உப்புத் தண்ணீர் லிட்டருக்கு 1.025 கிலோ, ஆக 512 கிலோ வரும். மூன்றும் நிரம்பியிருந்தால் ஓட்டுகிறவரும் கயிற்றைக் கவனிக்கிறவரும் என இரண்டு பேர்தான் ஏறலாம். நாலு பேர் ஏறினால் முன்பை காலியாகத்தான் இருக்க வேண்டும். சொந்தக்காரருக்கு இது பிடிக்கவில்லை. "அங்கெல்லாம் டன் கணக்குல ஏத்துறாங்க சார்" என்றார். ஏற்றுகிறார்கள்தான், அதற்கென்றே கட்டின புதுப் படகுகளில், உயர்ந்த விளிம்போடு. இருபத்தைந்து வருஷம் வெயிலும் உப்பும் தின்ற படகில் தகட்டைத் தாண்டி ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஒத்துக்கொண்டார்.

அப்புறம் படகின் உடம்பு. இதற்கு எங்கள் ஃபைபர் மேஸ்திரியை விட்டால் ஆள் கிடையாது. ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் அடிப்பக்கம் முழுக்க, நாலு விரற்கடைக்கு ஒரு தட்டு வீதம் தட்டிக்கொண்டே போவார். நல்ல இடத்தில் 'டங்' என்று சுருக்கமாக, கெட்டியாகச் சத்தம் வரும். உள்ளே ஈரம் ஏறி ஊறிப்போன இடத்தில் சத்தம் செத்துப்போய் 'தொப்' என்று விழும். அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார், பேசவே மாட்டார். எஞ்சின் உட்கார்ந்திருக்கிற நெடுக்குச் சட்டத்தின் இடது பக்கத்தில் முழங்கை நீளத்துக்கு வட்டம் வட்டமாகப் போட்டார். அந்தக் காலத்துப் படகுகள் பலவற்றில் ஃபைபருக்கு உள்ளே மரம் இருக்கும். எவனோ ஒரு ஸ்க்ரூவை முடுக்கி, துளையை அடைக்காமல் விட்டிருக்கிறான். அதன் வழியாகத் தண்ணீர் இறங்கி, மேலே பளபளப்பு குறையாமல் உள்ளே மரம் மக்கிப்போயிருக்கிறது. கிழித்துப் பார்த்தபோது ஈர மரத்தூள் கையோடு வந்தது. நிரம்பின பை ஒவ்வொன்றும் இதன் பக்கத்தில்தான் உட்காரப் போகிறது. அலையில் படகு எகிறி விழும்போது 180 கிலோ சும்மா உட்கார்ந்திருக்காது, குத்தும். மக்கினதைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, ஃபைபர் மேட்டும் ரெசினும் அடுக்கடுக்காகப் போட்டு மேஸ்திரி கட்டி முடிக்கும்வரை நான் ஒரு பம்ப்பையும் கையில் எடுக்கவில்லை. பழைய படகில் பாரம் ஏற்ற நினைக்கிறவர்கள் முதலில் செலவு செய்ய வேண்டியது இங்கேதான் என்பேன்.

மேஸ்திரி வேலை காய்ந்துகொண்டிருந்த சமயத்தில்தான் எண்ணூருக்குப் போனோம். வெள்ளோட்டத்துக்குக் கோவளம் வரை இழுத்துக்கொண்டு போவானேன், பக்கத்தில் முகத்துவாரம் இருக்கிறதே என்று சொந்தக்காரருக்கு ஒரு யோசனை. அங்கே காட்டுக்குப்பத்தில் என் மாமா ஒருவர் இருக்கிறார். கொசஸ்தலை ஆற்றில் இறால் பிடித்தே குடும்பத்தை வளர்த்தவர். ஆழம் எப்படி, வலை எங்கெங்கே கட்டியிருக்கிறார்கள் என்று அவரிடம் கேட்டால் தெரியும் என்று போனோம்.

மாமா எங்களைப் படகில் ஏற்றிக்கொண்டு கொஞ்ச தூரம் போய், இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, குனிந்து அடியிலிருந்து ஒரு கொத்தைப் பிய்த்துத் தூக்கினார். பிய்க்கும்போது சேறும் சேர்ந்து தகடாகப் பெயர்ந்து வந்தது. கறுப்பும் பழுப்புமாகக் கட்டை விரல் அளவுச் சிப்பிகள், ஒன்றோடொன்று நூல்போன்ற இழைகளால் கட்டிக்கொண்டு, இடைவெளி இல்லாமல். கையில் வாங்கிப் பிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. இழை அறுவதற்கு முன்னால் என் விரல்தான் கீறியது. காக்கா ஆழி. ஆய்வாளர்கள் மைடெல்லா ஸ்ட்ரிகேட்டா என்பார்கள். நடு அமெரிக்கா, தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்தது. நம் ஆற்றுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

"இது கீழ பாய் விரிச்சா மாதிரி படுத்துக்கிச்சி தம்பி" என்றார் மாமா. "இறால் சேத்துக்குள்ள பூந்து இருக்கணும். சேறே இல்லன்னா அது எங்க போவும்? கால வச்சா கிழிக்குது, வலைய வச்சா கிழிக்குது. மஞ்ச மட்டி இருந்த எடத்துல எல்லாம் இதான் கெடக்குது."

எண்ணூர்க் கழிமுகம் பட்டதெல்லாம் ஊருக்குத் தெரியும். அனல்மின் நிலையச் சாம்பல், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய். சாம்பலும் எண்ணெயும் வந்தபோது கண்ணுக்குத் தெரிந்தது, படம் எடுத்தார்கள், எழுதினார்கள். காக்கா ஆழி வந்தது யார் கண்ணுக்கும் தெரியாது. முட்டையிலிருந்து வெளிவந்து மிதக்கிற நிலையில் இந்த மாதிரிச் சிப்பிகளை மைக்ரானில்தான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்தான் அளக்க வேண்டும். கப்பல்களின் பேலஸ்ட் தண்ணீரில்தான் இது வந்திருக்க வேண்டும் என்று மீனவர்களும் சொல்கிறார்கள், ஆய்வாளர்களும் சொல்கிறார்கள். சரக்கு இல்லாமல் வருகிற கப்பல் நிலையாக நிற்கத் தன் தொட்டிகளில் ஒரு துறைமுகத்துத் தண்ணீரை ஏற்றிக்கொள்ளும். இன்னொரு துறைமுகத்தில் சரக்கு ஏற ஏற அதை இறக்கும். அந்தத் தண்ணீரோடு கூடவே வருகிற உயிர்களும் இறங்கும்.

நாங்கள் எதற்கு வந்திருக்கிறோம் என்று அப்புறம்தான் அவருக்கு விளக்கினேன். பையில் தண்ணீர் ஏற்றுவது, இறக்குவது எல்லாம். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொந்தக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "இங்க ஏத்துற தண்ணிய அங்க கொண்டும்போயி ஊத்தாத நைனா. உங்க காயலாவது நல்லாருக்கட்டும்."

வெள்ளோட்டம் எண்ணூரில் இல்லை என்று அங்கேயே முடிவாகிவிட்டது. வலை கட்டுகிற ஆற்றில் அலை கிளப்பிக்கொண்டு ஓடுவதும் நியாயமில்லை. ஆனால் மாமா சொன்னது அதோடு விடவில்லை. திரும்பி வந்து நான் போட்டு வைத்திருந்த பம்ப், குழாய் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். தண்ணீரை எவ்வளவு வேகமாக ஏற்றலாம் என்பதை வைத்துத்தான் இந்த வேலையை எல்லோரும் யோசிக்கிறார்கள். ஐந்து நிமிஷத்தில் நிரம்புமா, மூன்று நிமிஷத்தில் நிரம்புமா என்பதுதான் பேச்சு. எவ்வளவு மிச்சமில்லாமல் இறங்குகிறது என்று யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் இந்த வேலைக்கு அதுதான் தலை.

இது எண்ணூர்க்காரன் பயம் மட்டுமில்லை. வேக்போர்டு பிறந்த அமெரிக்காவிலேயே, கனடா எல்லையில் உள்ள 'கிரேட் லேக்ஸ்' என்ற பெரிய ஏரிகளில் 1988இல் வரிக்குதிரைச் சிப்பி கண்டுபிடிக்கப்பட்டது. அதுவும் கப்பல் பேலஸ்ட்டில் வந்ததாகத்தான் கணக்கு. அதன் உறவுக்காரச் சிப்பியான குவாகா 2007 ஜனவரியில் நெவாடா பக்கத்து மீட் ஏரியில் தென்பட்டது. அந்த ஏரிக்குக் கப்பல் வர வழியே இல்லை. டிரெய்லரில் வந்த ஏதோ ஒரு படகு கொண்டுவந்திருக்க வேண்டும். அதற்கப்புறம்தான் அங்கே பல மாநிலங்களில் படகை நிறுத்திச் சோதிக்கிறார்கள், கழுவு, வடி, காயவை என்று ஊர் ஊராகப் பலகை வைக்கிறார்கள். பேலஸ்ட் பையும் தொட்டியும் உள்ள படகென்றால் கூடுதலாகப் பார்ப்பார்கள். பம்ப் நின்ற பிறகும் உள்ளே சில லிட்டர் தங்கும், அந்த ஈரத்தில் சிப்பிக் குஞ்சு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும், குளிர்காலத்தில் வாரக்கணக்கில்கூட. கப்பல்களுக்கு 2004இல் லண்டனில் ஒப்பந்தம் போட்டு, 2017 செப்டம்பர் 8 முதல் அது நடைமுறைக்கு வந்திருக்கிறது. இறக்குவதற்கு முன்னால் தண்ணீரைச் சுத்திகரிக்க வேண்டும், 50 மைக்ரானுக்கு மேற்பட்ட உயிர்கள் ஒரு கனமீட்டரில் பத்துக்குள்தான் இருக்கலாம் என்று அளவு வைத்திருக்கிறார்கள். இருபத்தோரு அடிப் படகுக்கு அப்படி யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. அதைக் கட்டுகிறவன் பார்த்தால்தான் உண்டு.

அந்தக் கணக்கில் பம்ப் மாறியது. முதலில் நான் எழுதி வைத்திருந்தது விசிறி வகைப் பம்ப். விலை குறைவு, வேகமும் நல்ல வேகம். ஆனால் அது தானாக உறிஞ்சாது. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே உட்கார வேண்டும், ஏற்ற ஒன்று, இறக்க ஒன்று என்று ஒரு பைக்கு இரண்டு வேண்டும். கடைசித் தண்ணீரில் காற்று கலந்ததும் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். பை சுருங்கி மடிகிற இடங்களில் மிச்சம் நிற்கும். இம்பெல்லர் வகை வேறு. ரப்பர் இதழ்கள் தண்ணீரையும் காற்றையும் சேர்த்து அள்ளித் தள்ளும். திசை மாற்றினால் அதே பம்ப் இறக்கும். பையை உறிஞ்சி அப்பளமாக ஒட்ட வைக்கிற வரை விடாது. அதிலும் சிரமம் இருக்கிறது. கரண்ட் அதிகம் எடுக்கும், ஒவ்வொன்றும் 15 ஆம்பியர் பக்கம். அரை நிமிஷத்துக்கு மேல் வறண்டு ஓடினால் ரப்பர் கருகத் தொடங்கும். இருந்தாலும் மூன்று பைக்கும் அதையே போட்டேன்.

பின்னால் எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் உள்ள பெட்டிகளில் ஒவ்வொரு பை, நடுத்தரைக்குக் கீழே அணியத்தை, அதாவது முன்முனையை நோக்கி ஒன்று. எஞ்சின் அமரத்தில், அதாவது பின்முனையில் இருக்கிற படகு இது, ஏற்கெனவே பின்பாரம். பின்னால் மட்டும் ஏற்றினால் அலை செங்குத்தாக, குட்டையாக நிற்கும், மூக்கு தூக்கிக்கொண்டு ஓட்டுகிறவருக்கு எதிரே வருவது தெரியாது. முன்னால் கொஞ்சம் வைத்தால் அலை நீளும். முன்னால் அதிகமாகிவிட்டால் வேகம் குறைக்கும்போது தன் அலையே திரும்பி வந்து அணியத்தின் மேல் ஏறும். பின்பக்கம் அறுபது, முன்பக்கம் நாற்பது என்று பலர் சொல்கிற கணக்கைவிட நான் முன்னால் குறைத்தே வைத்தேன். ஆட்கள் வேறு முன்னால் போய் உட்காருவார்கள், அது நம் கையில் இல்லை.

படகின் அடியில் துளை போடுவதுதான் எல்லோரும் பயப்படுகிற கட்டம். உள்ளேயிருந்து மெல்லிய பிட்டால் ஒரு துளை, அதை வழிகாட்டியாக வைத்து வெளியேயிருந்து வட்ட ரம்பம். வெட்டி எடுத்த வட்டத்தை மேஸ்திரி வாங்கி, ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முழுக்கக் கெட்டி ஃபைபர், நடுவில் மரம் இல்லை. இருந்திருந்தால் சுற்றிலும் மரத்தைக் குடைந்து ரெசின் நிரப்பி, ஆறின பிறகுதான் மேலே போயிருப்போம். ஒன்றரை இன்ச் கன்மெட்டல் பிட்டிங், உள்ளே அதன் மேலேயே பால் வால்வு, பிறகு ஒரு வடிகட்டி, அங்கிருந்து மூன்று பம்ப்புக்கும் பிரிகிற கிளை. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே பிளாஸ்டிக் பிட்டிங் போட மாட்டேன். பாரிமுனையில் கடைக்காரர் எவ்வளவு நல்ல நைலான் என்று சொன்னாலும் சரி. உறிஞ்சுகிற ஓஸ் உள்ளே கம்பிச் சுருள் உள்ளதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உறிஞ்சும்போது தட்டையாகிவிடும். மூட்டுக்கு இரண்டு கிளிப், இரண்டும் 316 ஸ்டெயின்லெஸ்.

பையின் உச்சியிலிருந்து ஒரு காற்றுக் குழாய் மேலே ஏறி, விளிம்புப் பட்டைக்குச் சற்றுக் கீழே படகின் பக்கவாட்டில் திறக்கிறது. நிரப்பும்போது காற்று அதன் வழியே போகும், நிரம்பியதும் தண்ணீர் அங்கே பீய்ச்சும். அதுதான் நிறுத்துவதற்கு அடையாளம். இது இல்லாமல் கட்டினால் பை உப்பி, மேலே உள்ள சீட்டையே பெயர்த்துவிடும். முக்கால் பை, அரைப் பை என்று விட்டு ஓட்டவும் கூடாது. உள்ளே தண்ணீருக்கு நகர இடம் இருந்தால், படகு சாய்கிற பக்கமே எடையும் ஓடி இன்னும் சாய்க்கும். நிரப்பினால் முழுக்க நிரப்பு, இல்லாவிட்டால் முழுக்கக் காலி செய். ஓஸ் பிடுங்கிக்கொண்டு பைத் தண்ணீர் அடித்தளத்தில் கொட்டினாலும் இதே ஆபத்துதான். ஆகவே அடித்தளத் தண்ணீரை இறைக்கிற பம்ப்பைத் தனியாக, மிதவை சுவிட்சோடு, வேறு ஒயரில், வேறு துளையில் புதிதாகப் போட்டேன். பேலஸ்ட்டுக்கும் அதற்கும் ஒரு மூட்டில்கூடச் சம்பந்தம் கிடையாது.

ஒயரிங்கில் எங்கள் பக்கத்து ஆட்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. காசிமேட்டில் நாம் தொடுகிறதில் பெரும்பகுதி டீசல் எஞ்சின். டீசல் எஞ்சின் அறையில் எந்தப் பம்ப்பை மாட்டினாலும் ஓடிவிடும், அந்தப் பழக்கம் கையில் ஊறியிருக்கிறது. இது மூடின அறைக்குள் பெட்ரோல் எஞ்சின். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், கீழே இறங்கி அடித்தளத்தில் படுத்திருக்கும். பம்ப் மோட்டார்கள் இருக்கப் போவதும் அங்கேயேதான். மோட்டாருக்குள் பிரஷ் உரசி வருகிற தீப்பொறி வெளியே வராதபடி அடைத்துக் கட்டின, அப்படிச் சான்று உள்ள பம்ப்பும் சுவிட்சும்தான் போட வேண்டும். எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் ஆவியை வெளியே தள்ளுகிற புளோயர் நாலு நிமிஷம் ஓடுகிற மாதிரி பம்ப்பைத் தொடுவதற்கு முன்னாலும் ஓட வேண்டும். டேஷ்போர்டில் ஏற்கெனவே வருகிற மெல்லிய ஒயரிலிருந்து கரண்ட் எடுக்காமல், பேட்டரியிலிருந்தே தனியாக, வெள்ளீயம் பூசின தடிமனான செம்பு ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே பிரேக்கர், ஒவ்வொரு பம்ப்புக்கும் தனி ஃப்யூஸ். சுவிட்ச் மூன்று நிலை: மேலே ஏற்றம், நடுவில் ஓய்வு, கீழே இறக்கம்.

பால் வால்வு மூடியிருக்கும்போது பம்ப்பைப் போட்டால் இம்பெல்லர் போய்விடும். திறந்தபடியே விட்டு ஓடினால், ஒரு ஓஸ் கழன்றாலும் கடலே உள்ளே வரும். ஓட்டத்தில் வால்வு மூடியிருக்க வேண்டும், ஏற்றி இறக்கும்போது மட்டும் திறக்க வேண்டும். மறதிக்கு இடம் கொடுக்காமல் இருக்க, பம்ப்புகளின் மெயின் சுவிட்சை டேஷ்போர்டில் வைக்காமல் வால்வுக் கைப்பிடிக்கு ஒரு கை தள்ளி, அதே பெட்டிக்குள் வைத்தேன். சுவிட்சைப் போடக் குனிகிறவர் வால்வைப் பார்க்காமல் நிமிர முடியாது.

சோதனையைக் கரையிலேயே ஆரம்பித்தோம். துறைமுகத் தண்ணீரைப் புதுப் பைக்குள் ஏற்ற எனக்கு மனசில்லை. பிட்டிங்கில் ஒரு ஓஸை மாட்டி, டிரம்மில் நல்ல தண்ணீர் பிடித்து, பையை ஒவ்வொன்றாகக் கால்வாசி மட்டும் நிரப்பி மூட்டுகளைத் தடவிப் பார்த்தோம். கட்டைகளின் மேல் நிற்கிற படகில் முழு எடை ஏற்றக் கூடாது. தண்ணீர் தாங்குகிற மாதிரி கட்டை சமமாகத் தாங்காது. இறக்கின பிறகு பையைக் கழற்றி, மூடியைத் திறந்து கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு டம்ளருக்குக் குறையாமல் மிச்சம் இருந்தது. ஓஸ் வளைந்து தாழ்கிற இடத்தில் இன்னும் கொஞ்சம். எனவே வளைவுகளை நிமிர்த்தி, எல்லா ஓஸும் வால்வை நோக்கிச் சரிவாக இறங்கும்படி மறுபடி கட்டினேன். வடிகட்டிக்குப் பக்கத்தில் கிளையின் ஆகத் தாழ்ந்த இடத்தில் ஒரு திருகு மூடி, படகு டிரெய்லரில் ஏறினதும் அதைத் திறந்துவிட்டால் மீதியும் வடியும். பைகளைப் பெல்ட் போட்டுக் கட்டினாலும், கருவி இல்லாமல் கையாலேயே கழற்ற வருகிற கிளிப்தான் மாட்டியிருக்கிறேன்.

கோவளம் பக்கம் அவருடைய காயலிலேயே வெள்ளோட்டம் விட்டோம். பின்பைகள் இரண்டும் நிரம்பி, படகில் நாலு பேர். அதே 35 கிலோமீட்டர் வேகத்தில், முன்னால் அலை இருந்த இடத்தில் இப்போது விளிம்பு தெளிவான, தொடைவரை எழும்புகிற ஒரு மேடு. கயிற்றில் வந்த பையன் அதில் ஏறி, மறுபக்க அலையின் இறக்கத்தில் போய் விழுந்தான். படகில் இருந்தவர்கள் கத்தின கத்தலில் கரையில் நின்றவர்கள் எழுந்து பார்த்தார்கள். எஞ்சினுக்கு மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. வழுக்கு நிலைக்கு வர முன்னைவிட நேரம் எடுக்கிறது, பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். இவ்வளவு பாரத்துக்கு இப்போதுள்ள புரொப்பல்லரின் பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு முன்னே தள்ளுகிற தூரம், அதிகம். ஒரு படி குறைத்துப் போடச் சொல்லியிருக்கிறேன்.

கொடுக்கும்போது சொன்னது: ஏற்றின தண்ணீரை ஏற்றின காயலிலேயே இறக்கிவிட வேண்டும், கரையேறின பிறகு இல்லை. டிரெய்லரில் திருகு மூடியைத் திறக்க வேண்டும். அடுத்த தண்ணீருக்குப் போவதாக இருந்தால் பைகளைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, மூடியைத் திறந்து நிழலில் உள்புறம் காயும்வரை தொங்கவிட வேண்டும். வெயிலில் போட்டால் பை விரிசல் விட்டுவிடும். காக்கா ஆழி உப்பு ஏறினாலும் இறங்கினாலும் தாக்குப்பிடிக்கிற ஜாதி, நல்ல தண்ணீரில் அலசினால் மட்டும் போதாது, காயவைப்பதுதான் முக்கியம். அவசரம் என்றால் ஏறக்குறைய 50 டிகிரி வெந்நீரைப் பம்ப் வழியாக ஓட்டலாம், அதற்கு மேல் சூடு இம்பெல்லர் ரப்பருக்கு ஆகாது. வருஷத்துக்கு ஒரு தடவை இம்பெல்லரை மாற்ற வேண்டும். ஒரு செட் ஸ்பேரும், கவரைக் கழற்றுகிற ஸ்க்ரூ டிரைவரும் சீட்டுக்கடியில் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

உறிஞ்சும் பக்கத்தில் மைக்ரான் வடிகட்டி ஒன்று போட முடியுமா என்று சொந்தக்காரரே இப்போது கேட்கிறார். அமெரிக்காவில் பேலஸ்ட்டுக்கென்றே விற்கிறார்கள். நம் காயலின் சேற்றுக்கு அது எத்தனை ஓட்டத்தில் அடைபடும் என்பதைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். கிளையில் அதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் படகு மறுபடி காசிமேட்டுக்கு வரும்போது மாட்டிவிடலாம்.